கூடலூர், பந்தலூர் பிள்ளைகளின் சமூகப்பணிப் பயிற்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பிளஸ் டூ முடித்த பன்னிரண்டு பேரைச் சமூகப்பணி உதவியாளர்களாகப் பயிற்றுவிக்க எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. ஆறு மாதப் பயிற்சி. வகுப்பெடுக்க ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர்கள் ஊதியமின்றி முன்வந்துள்ளனர். இடமும் கிடைத்துவிட்டது. பணம் வேண்டியிருப்பது வேறொன்றுக்கு: வகுப்புக்கு வரும் பெண் அன்று கொழுந்து பறிக்கப் போக முடியாது, அந்தக் கூலி வீட்டுக்கு வந்தால்தான் அவளை அனுப்புவார்கள்.

இந்த வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தைக் காட்டலாம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் குடியேறிய ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை கேட்கிறார். இலங்கையிலிருந்து வந்தபோது தந்த பழைய குடும்ப அட்டையில் மாரியாயி, ஆதாரில் மாரியம்மாள், ரேஷன் அட்டையில் வயது வேறு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகப் பேரனின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது, பேரனோ திருப்பூரில். எதை முதலில் திருத்துவது, கிராம நிர்வாக அலுவலரிடம் என்ன கேட்பது என்று தெரிந்த ஒருவர் கூடப் போனால் தீரும் காரியம் இது.

பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிக்கல் வேறு. அரிவாள் செல் இரத்தசோகை பரம்பரையாக வரும் நோய். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அதன் வலியைத் தூண்டும். வலியோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் சிலர் கூட்டத்துக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் மருத்துவரைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் மொழியைப் பேசும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அப்படிப் போக விடமாட்டார். பன்னிரண்டில் பாதி இடங்களைப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருப்பது இதனால்தான்.

பயிற்சியில் அதிக நேரம், சந்திக்கும் குடும்பங்களைப் பற்றிக் குறிப்பெழுதுவதற்கே போகும். ‘பொறுப்பில்லாத கணவன்’ என்று எழுதக் கூடாது. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். லைன் வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்பதால், எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதும் பாடம். குழந்தைக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளியே போகக் கூடாது. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய உதவி எண்களை எப்போது அழைப்பது என்பதும் உண்டு. மனநல ஆலோசனை சொல்வது இவர்கள் வேலை அல்ல. உரியவரிடம் கொண்டுசேர்ப்பதே வேலை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இது எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது, அரசு வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. தொண்டு நிறுவனங்களிலும் காப்பகங்களிலும் விடுதிகளிலும் வேலை தேடலாம்; மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டுவோம்.

மொத்தச் செலவு 5,40,000 ரூபாய். இதில் மாதம் ஆளுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைக்கே 4,32,000 போகிறது. மீதி பஸ் கட்டணம், மதிய உணவு, குறிப்பேடுகள். உறுப்பினர்கள் 1,35,000 போட்டுள்ளோம். இன்னும் 4,05,000 வேண்டும். 7,500 ரூபாய் தந்தால் ஒருவருக்கு ஒரு மாதம் நடக்கும். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. தொடக்க விழா, பொன்னாடை, பிளக்ஸ் பேனர் கிடையாது. பிள்ளைகளை நிற்க வைத்து நன்கொடையாளரோடு படமெடுக்கவும் மாட்டோம். வருமான வரி விலக்கு எங்களிடம் இல்லை. அதை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்தருள்க.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் குடியிருப்புகளுக்குப் போய்வருவது கடினம். அதனால் டிசம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடிக்கிறோம். நவம்பர் இறுதிக்குள் பொருளாளரிடம் ரொக்கமாகவோ காசோலையாகவோ தந்து உதவுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் வகுப்பறை வாசலில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர், கூடலூர்