அண்ணாவின் 31ஆம் நாளில் ஒரு நன்றி மடல்

எங்கள் மூத்த சகோதரரின் அந்தியேட்டியும் 31ஆம் நாள் கிரியைகளும் நிறைவெய்தியுள்ள இவ்வேளையில், அவர் நோயுற்றிருந்த காலத்திலும் இறுதி நாட்களிலும் எங்களோடு நின்ற அனைவருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். செத்த வீட்டில் பலரும் "திடீர் மாரடைப்பாமே" என்று கேட்க, நாங்களும் தலையாட்டிவிட்டோம். அது உண்மையன்று. பொய்யை வைத்துக்கொண்டு நன்றி சொல்ல மனம் வராததால், அண்ணியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அண்ணாவின் இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கவில்லை. இருபது வருடமாக நாள்தோறும் குடித்த சாராயம் இதயத் தசையையே நலிவித்து, இடது கீழறையைத் தொய்ந்து விரியச் செய்திருந்தது. அவ்வறையில் நிரம்பும் இரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற வேண்டும். அவருக்கு 25 சதவீதம்தான் என்று, ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை காட்டியது. அதற்கு முன்பே கால் சொல்லியிருந்தது. மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும், அது மேலெழ நேரமெடுக்கும். படுத்தால் மூச்சு முட்டுமென்று மூன்று தலையணையில் சாய்ந்திருப்பார். ஓரிடத்தில் அதை இழுப்பு என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். குடிப்பதை அவரும் அங்கே மறைத்துவிட்டதால் முழுப் பழியையும் அவர்கள்மீது போடுவதற்கில்லை.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து அண்ணிக்குப் பொறுமையாக விளக்கிய வைத்தியருக்கும், குடியை நிறுத்திய மூன்றாம் இரவு கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூவிக் கட்டிலை விட்டு இறங்கிய அவரை அதட்டாமல் பிடித்துக்கொண்ட வாட்டுத் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் எங்கள் நன்றி. நெடுநாள் குடித்தவர் வைத்திய உதவியின்றி ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

கடலுக்கு விடாமல் கரையிலேயே வலை பொத்தும் வேலை கொடுத்து, கூலியை அண்ணியின் கையில் ஒப்படைத்த படகு முதலாளியான நிலாவெளிச் சம்மாட்டியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரால் கிடைத்த எட்டு மாதங்களில் 25 என்பது 40 ஆனது. குடியை விட்டால் இதயம் ஓரளவு தேறக்கூடும் என்று வைத்தியர் சொன்னதைக் கண்ணால் கண்டோம். பிறகு ஒரு கலியாண வீட்டில் "இன்றைக்கு மட்டும்" என்று தொடங்கினார். இதயத் துடிப்பு தாளம் தப்பியது. இரண்டாம் தடவை தேறுவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 26 இலட்சம் பேர் மதுவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேரின் வீடுகளில் எங்களைப்போல் வேறு காரணம் சொன்னார்களோ!

நள்ளிரவில் உப்புவெளியிலிருந்து ஓடிவந்து, கூலி வாங்க மறுத்த ஆட்டோத் தம்பிக்கும், கதிரைகள் தந்துதவிய வாசிகசாலையினருக்கும் நன்றி. செத்த வீட்டின் பின்வளவில் ஒரு போத்தல்கூடத் திறக்க விடாமல் விடியும்வரை காவலிருந்து, தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்த எங்கள் ஒழுங்கை இளைஞர்களுக்கு அண்ணி தனியாக நன்றி எழுதச் சொன்னார்.

குடும்பத்தினர் சார்பில்,
இளைய சகோதரன்,
சாம்பல்தீவு, திருகோணமலை.