ஏஎன்-32 இனி மர்மம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலில் மாயமான கப்பல்கள், விமானங்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தையும் 'இன்றுவரை விடை தெரியாத' பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அது தவறு. 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் போர்ட் பிளேர் நோக்கிப் பறந்த அந்த விமானத்தின் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைத் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி படம் எடுத்துவிட்டது. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகமே இதை அறிவித்தது. இடம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல். நம் வேலூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம்தான்.

அதற்கு ஏன் ஏழரை ஆண்டு? மோதிய அதிர்ச்சியில் தானே இயங்கும் அவசர டிரான்ஸ்மிட்டர், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு 50 விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். விமானம் மூழ்கினால் அந்த அலை தண்ணீரைத் தாண்டாது. மோதியதில் ஆன்டெனா முறிந்தாலும் அதே கதிதான். நீருக்கடியில் கைகொடுப்பது கருப்புப் பெட்டியோடு பூட்டும் 'பிங்கர்'. தண்ணீர் பட்டதும் 37.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கொரு துடிப்பு. மனிதக் காதுக்குக் கேட்காது. இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவதும் அரிது. கோட்டை வாசலில் துடித்தால் காட்பாடி ஜங்ஷனுக்கு எட்டாது. மூன்றரை கிலோமீட்டர் ஆழமென்றால் நேர் மேலே நிற்கும் கப்பலுக்குக்கூடச் சந்தேகம். கேட்கும் கருவியை ஆழத்தில் இறக்கி இழுத்துப் போக வேண்டும். பழைய பிங்கர்களின் பேட்டரிக்கு ஆயுள் 30 நாள். அது தீர்ந்தால், ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கொண்டு கடலடியைப் பட்டை பட்டையாகத் துழாவுவதுதான் வழி. 2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 இரண்டு ஆண்டு கழித்து அப்படித்தான் கிடைத்தது. அதற்குப் பிறகே 90 நாள் பிங்கர் வந்தது.

2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் இதே வங்கக் கடலில்தான் விழுந்தது. ஆழம் ஒரு கிலோமீட்டர் அளவுதான் என்பதால் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்குப் பிங்கர் கேட்டது. அடுத்த மாதமே கருப்புப் பெட்டி கைக்கு வந்தது.

கப்பல்களில் இதேபோல் செயற்கைக்கோளுக்கு அவசரத் தகவல் அனுப்புவது 'ஈபர்ப்' மிதவை. கப்பல் மூழ்கும்போது ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தத்தில் ஒரு பூட்டு விடுபட, மிதவை மேலே வந்து 48 மணி நேரம் கத்தும். கோளாறு பெரும்பாலும் அற்ப விஷயத்தில்தான். பூட்டை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றாமல் விடுவார்கள். அதன் மேலேயே பெயின்ட் அடிப்பார்கள். உயிர்காப்புத் தெப்பத்தோடு சேர்த்துக் கட்டக் கொடுத்த கயிற்றைக் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் முடிந்து வைப்பதுதான் மோசம். கப்பலோடு மிதவையும் அடிக்குப் போய்விடும். மிதவையின் பதிவில் பழைய போன் நம்பர் இருந்தால், எச்சரிக்கை வந்தும் அதைச் சரிபார்ப்பதிலேயே நேரம் போகும். மாலுமி வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் கப்பலேறிய முதல் நாளே அந்தக் கயிற்றை ஒரு பார்வை பார்க்கட்டும்.

பெர்முடா கதைக்கு முழுப் பக்கம் தந்திருக்கிறீர்கள். 1918-ல் 306 பேருடன் காணாமல் போன அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சைக்ளாப்ஸ், ஓர் எஞ்சின் பழுதான நிலையில் மாங்கனீசுத் தாதுவை ஏற்றிப் போனது என்ற ஒரு வரிக்கு மட்டும் அதில் இடமில்லை.

ஏஎன்-32 பற்றிய திருத்தத்தை அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். அந்த விமானத்தில் போனவர்களின் வீட்டாரும் படிக்கக்கூடும்.

– ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்-9