படுத்திருக்கும் பெரியவர்களின் முதுகைப் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இடுப்பெலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ படுத்துவிட்ட முதியோருக்கு வரும் படுக்கைப் புண்ணைப் பற்றி எழுதுகிறோம். வார்டில் அவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது பெரும்பாலும் கூட இருக்கும் மகளோ மருமகளோதான். அவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதல் அறிகுறியே தப்பிவிடுகிறது. ‘தோல் சிவக்கும்’ என்று படிக்கிறோம். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, இந்த இடங்களைப் புறங்கையால் தொட்டும் விரலால் லேசாக அழுத்தியும் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருந்தால் உள்ளே சதை நையத் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, நைந்த சதை மேலும் சிதையும்.

முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எடை மொத்தமும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கையைப் பிடித்து இழுக்காமல், அடியில் விரித்த மடித்த சேலையை இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் அறுபடும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதை இரவுப் பணி அட்டவணை போடுபவர்கள் மறந்துவிடக் கூடாது.

குதிகாலுக்கடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது அழுத்தத்தைக் குறைப்பதில்லை. கெண்டைக்கால் முழுவதையும் தலையணையில் தாங்கவிட்டு, குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். அடியில் ஒரு தாள் தடையின்றி நுழைந்து வெளிவர வேண்டும். ஏர் பெட் போட்டாலும் திருப்புவதை விடக் கூடாது.

வெறும் கஞ்சியில் புண் ஆறாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராமுக்கு மேல் புரதம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு.

நாங்கள் கேட்பது இவைதான். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிய நேரத்தையும் பக்கத்தையும் எழுதக் கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் உறவினரே திருப்பிக் காட்ட, செவிலியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழு வீட்டுக்கு வரும்போது, ரத்த அழுத்தம் பார்ப்பதோடு பெரியவரின் முதுகையும் குதிகாலையும் திறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் வார்டுச் செவிலியர்கள்