அப்பள லைனை நேரத்துக்கு ஓட வைத்தவர்களுக்கு நன்றி

கப்பலூரில் சின்னதாக ஒரு ஆட்டோமேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு அப்பளக் கம்பெனிக்குச் செய்து கொடுத்த லைன் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. கைகொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

உடைந்த அப்பளத்தைக் கேமரா பார்த்துச் சொன்னதும், காற்று அடித்து அதைத் தள்ள வேண்டும். படங்களைச் சேமிக்க அனுப்புவதும், ‘அடி’ என்ற கட்டளையை அனுப்புவதும் ஒரே லினக்ஸ் கணினி, ஒரே கேபிள். படங்கள் முண்டியடித்தால் கட்டளை பிந்தும்; நல்ல அப்பளம் பறந்துபோய், உடைசல் கட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

ஐ210 நெட்வொர்க் கார்டு இரண்டைத் தந்த கல்லூரி ஆய்வக ஐயாவுக்கு முதல் நன்றி. கட்டளையைச் சுமந்து கேபிளில் போகும் பாக்கெட் (தரவுப் பொட்டலம்) எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்பதை அந்தக் கார்டே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், பெங்களூரில் இருக்கும் திருமங்கலத்துத் தம்பி. பட்டறை மேசையில் சோதித்தபோது ஓடிய நிரல், பிடிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் முறை) போட்டுக் கடிகாரங்களைச் சேர்த்ததும் ஒரு கட்டளையைக்கூட வெளியே விடவில்லை. ராத்திரி போனிலேயே பாக்கெட்டுகள் காத்திருக்கும் க்யூவின் கணக்கைப் படிக்கச் சொன்னார். கைவிடப்பட்ட பாக்கெட் எண் ஏறிக்கொண்டே இருந்தது. “அண்ணே, 37 விநாடி!” என்றார். அணுக் கடிகாரக் கணக்கான டிஏஐ நேரம், வழக்கமான உலகப் பொது நேரமான யுடிசியைவிட 37 விநாடி முன்னால் இருக்கிறது. லினக்ஸின் மையமான கர்னல் பூட் ஆகும்போது அந்த வித்தியாசம் பூஜ்யம், அதனால் மேசையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சரியான 37 வந்து உட்கார்ந்ததும், வழக்கமான கடிகாரத்தில் நேரம் குறித்த பாக்கெட்டெல்லாம் காலாவதி. குறித்த நேரப்படி, டிஏஐ கடிகாரம் பார்த்துப் பாக்கெட்டை அனுப்பும் இடிஎஃப் என்ற க்யூ அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டது. கடிகாரத்தைச் சரிசெய்த பிறகு கெட்டுப்போகும் என்று யாருக்குத் தோன்றும்? திருத்தியது என்னவோ ஒரே வரிதான்.

முகம் பார்க்காதவர்களும் உண்டு. லினக்ஸில் பிடிபியை ஓட்டும் லினக்ஸ்பிடிபி மென்பொருளைத் தந்த ரிச்சர்ட் காக்ரன், 2018-ல் 4.19 கர்னலில் இடிஎஃப்பையும் 4.20-ல் டேப்ரியோவையும் (எந்த வகைப் பாக்கெட் எப்போது போகலாம் என்று கால அட்டவணை போடும் க்யூ) சேர்த்தவர்கள், வேலை நேரம் தவறாமல் நடக்க உதவும் ரியல்டைம் திருத்தங்களை வருஷக்கணக்காகச் சுமந்து 2024-ல் 6.12 கர்னலுக்குள் கொண்டுவந்தவர்கள். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் என் பட்டறைக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

சோதனைக்கென்று உடைசலை வகைவகையாகப் பிரித்துப் போட்ட அக்காமாருக்கு வேலைப்பளுவுக்கு நடுவே இது கூடுதல் சுமை. “ஓரம் நொறுங்கினதை விட்டுருச்சு தம்பி” என்று அவர்கள் காட்டிய பிறகுதான் கேமராவின் கோணத்தை மாற்றினோம்.

ஐயா, புதுக் கார்டுகள் வந்துவிட்டன. உங்களுடையதை வரும் சனிக்கிழமை கல்லூரியில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.