அந்த மருத்துவரைச் சாகவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதி அனுப்பிய தொடரின் எட்டுப் பகுதிகளையும் படித்துவிட்டேன். வசனத்தில் எங்கும் இழுவை இல்லை. மருத்துவமனைக் காட்சிகள் ஒவ்வொன்றும் கண்முன் நிற்கின்றன. ஆனால் மயக்கவியல் மருத்துவராக வரும் அந்த இளைஞனைப் பற்றி உன்னிடம் மனம்விட்டுப் பேசியாக வேண்டும்.

தன்பாலீர்ப்பாளனான அவன் முதல் நான்கு பகுதிகளில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறான், ஐந்தாம் பகுதியில் உண்மையைச் சொல்லி அழுகிறான், ஏழில் அவனுடைய காதல் கைகூடுகிறது, எட்டில் விபத்தில் இறந்துபோகிறான். கதாநாயகியின் தம்பிக்குக்கூடக் கடனும் பொறாமையும் முன்கோபமும் கொடுத்த நீ, இவனுக்கு நல்லவனாக இருப்பதைத் தவிர வேறு வேலையே கொடுக்கவில்லை.

காதல் கைகூடிய உடனே சாவு வருவது தொலைக்காட்சிக்குப் பழக்கமான வழிதான். 2016இல் ‘தி 100’ என்ற அமெரிக்கத் தொடரில் போர்வீரர்களின் தலைவியான லெக்ஸா தன் காதலியோடு சேர்ந்த சற்று நேரத்திலேயே, வேறொருவரைக் குறிவைத்த குண்டுக்குப் பலியானாள். பார்வையாளர்களின் கொந்தளிப்பைக் கண்டு, தொடரை உருவாக்கியவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. போர்க்கதையில் யாரும் சாகலாம் என்பது உண்மைதான். ஆனால் தன்னைப் போன்ற ஒருத்தியைத் திரையில் அரிதாகவே காணும் பெண்ணுக்கு, அந்த ஒருத்தியும் போய்விட்டால் மிச்சம் யார் இருக்கிறார்கள்?

அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்காவது விளம்பரதாரர்களின் நெருக்கடி இருந்தது. 1989இல் ‘தேர்ட்டிசம்திங்’ தொடரில் இரண்டு ஆண்கள் ஒரே படுக்கையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததற்கே விளம்பரங்கள் விலகி, ஒளிபரப்பிய நிறுவனம் 10 லட்சம் டாலருக்கும் மேல் இழந்தது. அந்தப் பகுதி மறுஒளிபரப்பிலும் இடம்பெறவில்லை. 1994இல் ‘மெல்ரோஸ் பிளேஸ்’ தொடரில் இருவர் முத்தமிடப்போகும் நேரத்தில், அதைச் சன்னல் வழியே பார்க்கும் நண்பனின் திகைத்த முகத்துக்குக் கேமரா திரும்பிவிட்டது, முத்தம் வெட்டப்பட்டது.

இப்போது உன் ஏழாம் பகுதியை எடுத்துப் பார். இருவரும் கைகோத்து நிற்கும்போது, ‘கேமரா செவிலியரின் அதிர்ந்த முகத்துக்குத் திரும்புகிறது’ என்று எழுதியிருக்கிறாய். உன்னை யாரும் வற்புறுத்தவில்லை. ஆனாலும் அவன் வாழ்வின் மிக நல்ல நொடியை அவனிடமிருந்து பிடுங்கி, வேடிக்கை பார்க்க வந்தவளிடம் கொடுத்துவிட்டாயே, அம்மா! என்னை மிகவும் வருத்தியது அந்த ஒரு வரிதான்.

2001 முதல் 2005 வரை வந்த ‘சிக்ஸ் ஃபீட் அண்டர்’ தொடரின் டேவிட்டை நினைத்துக்கொள். குடும்பத்தின் ஈமச்சடங்கு நிலையத்தை நடத்துகிறான், கடவுள் நம்பிக்கையோடு மல்லுக்கட்டுகிறான், காதலன் கீத்தோடு சண்டை போட்டுப் பிரிகிறான், மறுபடி சேர்கிறான், இருவருமாகப் பிள்ளைகளைத் தத்தெடுக்கிறார்கள். சில இடங்களில் அவன்மேல் எரிச்சலே வரும். அப்படி எரிச்சல்படும் அளவுக்கு அவனை நமக்குத் தெரிந்திருக்கிறது.

உன் மருத்துவனுக்கும் அந்த உரிமையைக் கொடு. அவன் யார் என்பது முதல் பகுதியிலேயே உடன் பணிபுரிபவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இரவுப் பணி முடிந்து தாமதமாக வந்ததற்காக அவனும் துணைவனும் வாக்குவாதம் செய்யட்டும். வீட்டார் ஒதுக்கிய வலியை நீக்கச் சொல்லவில்லை, அது நடப்பதுதான். அதை அவன் வாயால் சொல்லட்டும், அண்ணன் வந்து அவனுக்காக அழ வேண்டியதில்லை.

இறுதிப் பகுதிக்கு ஒரு மரணம் கட்டாயம் என்று தயாரிப்புக் குழு சொன்னால், தலைமை மருத்துவரின் இதய நோயை மூன்றாம் பகுதியிலேயே நீ சொல்லி வைத்திருக்கிறாய். கதை அங்கேதான் உன்னை இழுக்கிறது. ஏழாம் பகுதியைத் திருத்தியதும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா