பருவ நிறைவுக் கடிதம்: சில செய்திகளும் உதவி அட்டையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இன்னொரு பருவம் முடிகிறது. தேர்வுகள் குறித்த நாட்களில் நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன, கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பாராட்டுகள். நூலகத்துக்குப் புதிய அலமாரி வந்திருக்கிறது. மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தாயிற்று. மதிப்பெண் பட்டியல் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் உங்கள் கைக்கு வரும்.

சரி, இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி உதவி அட்டையைப் பற்றியது.

பருவத் தொடக்கத்தில் இதை அறிமுகப்படுத்தியது நான்தான். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு உதவினால் வகுப்பாசிரியர் அட்டையில் ஒரு நட்சத்திரம் வரைந்து கையெழுத்துப் போடுவார். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் வாசிக்கப்படும். நல்ல பழக்கத்தை ஊக்கப்படுத்துகிறோம் என்று நம்பித்தான் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் பள்ளியே மாறிவிட்டது போல இருந்தது. எல்லாரும் எல்லாருக்கும் பை தூக்கினார்கள், கரும்பலகை துடைத்தார்கள், பென்சில் சீவிக் கொடுத்தார்கள். நான் ரொம்பவே சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் ஒருநாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாடிப்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. பக்கத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் அவளுடைய பையை யார் தூக்குவது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பையன் ஆசிரியரைத் தேடி ஓடினான். முதலுதவிக்கு ஆள் கூப்பிடத்தான் ஓடுகிறான் என்று நினைத்தோம். "மிஸ், நான் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா நட்சத்திரம் உண்டா?" என்று அவன் கேட்டிருக்கிறான். விழுந்தவள் அதுவரை படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் பையன் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறான். வருத்தம் என் மேல்தான்.

அதன் பிறகு கவனித்துப் பார்த்தேன். உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் வராத பிள்ளைக்கு நோட்டு கொடுப்பது எங்கள் பள்ளியில் எப்போதும் இயல்பாக நடந்துவந்த ஒன்று. அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். ஆசிரியர் பார்க்காத இடத்தில் நடக்கும் உதவி குறைந்துவிட்டது என்று மூன்று வகுப்பாசிரியர்கள் தனித்தனியாக வந்து சொன்னார்கள். ஆசிரியர் கையெழுத்தைப் போலவே போட்டு வந்த அட்டைகளும் சில இருந்தன.

உங்களில் சிலரும் என்னிடம் பேசினீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எட்டு, எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் மூன்று என்று கேட்டவர்கள் உண்டு. மேற்படிப்புச் சேர்க்கைக்கு உதவும், சேவைச் சான்றிதழாகத் தர முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசையில் கேட்டது, எனக்குப் புரிகிறது. ஒரு அப்பா நேரிலேயே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "உலகத்துல யாருமே சும்மா எதையும் செய்யறதில்லீங்க. பேருக்காகச் செய்வாங்க, பயத்துக்காகச் செய்வாங்க, இல்லேன்னா மனசுக்குத் திருப்தியா இருக்குன்னு செய்வாங்க. எல்லாமே சுயநலம்தான். உங்க அட்டை அதை வெளிப்படையாச் சொல்லுது. அதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. நல்ல கேள்வி அது. பல நாள் யோசித்தேன். அவருக்கு நான் கடன்பட்ட பதிலை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

உதவி செய்தால் மனசுக்கு நன்றாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்காகத்தான் உதவினோம் என்று சொல்லிவிட முடியுமா? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள். விடிகாலையில் காய்ச்சல் இறங்குகிறது, உங்களுக்கு அப்பாடா என்று இருக்கிறது. அந்த நிம்மதி ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது என்றால், கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுத்திருக்கலாம். நீங்கள் படுக்கவில்லை. பிள்ளை மேல் அக்கறை முதலில் இருந்ததால்தான் நிம்மதி பின்னால் வந்தது. அக்கறையே இல்லாதவருக்குக் காய்ச்சல் ஏறினாலும் ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1981ல் டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதைப் பார்ப்பதாகப் பங்கேற்றவர்களை நம்பவைத்தார்கள் (உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி கொடுக்கவில்லை). சிலருக்கு, கொஞ்சம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்ற வசதி இருந்தது. தன் மனவேதனை தீர்ந்தால் போதும் என்பவருக்கு அது சுலபமான வழி. ஆனால் அந்தப் பெண்ணோடு மனசு ஒன்றிப்போனவர்கள், கிளம்பிப் போக வழியிருந்தும், மீதி அதிர்ச்சியைத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று முன்வந்தார்கள். இந்த வாதம் அத்தோடு முடிந்துவிடவில்லை, மறுத்து ஆய்வு செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எல்லாமே சுயநலம் என்று ஒரே வரியில் முடித்துவிடும்படி இந்த விஷயம் எளிதாக இல்லை.

ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ஆஸ்திரேலியரைப் பற்றி நீங்கள் செய்தியில் படித்திருக்கலாம். 1951ல், 14 வயதில், அவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். 18 வயது ஆனதும் தானும் கொடுக்கத் தொடங்கி, 81 வயதில் விதிப்படி நிறுத்தவேண்டி வந்தவரை 1,173 முறை கொடுத்தார். கருவிலிருக்கும் குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடலே தாக்கும் ஒரு சிக்கலைத் தடுக்கும் அரிய எதிர்ப்பொருள் அவர் ரத்தத்தில் இருந்தது. அதிலிருந்து செய்த மருந்தால் 24 லட்சம் குழந்தைகள் வரை பயனடைந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவருக்கு ஊசி என்றால் பயம். ஒருமுறைகூடக் கையைப் பார்க்கமாட்டார், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பட்ட கடனைத் தீர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கும். பாராட்டு வந்தபோது மகிழ்ந்தும் இருப்பார். இதில் எத்தனை பங்கு சுயநலம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பிரித்தே ஆகவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஊசி குத்தும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டவர், அந்தக் குழந்தைகளிடமிருந்து ஒருநாளும் திரும்பிக்கொள்ளவில்லை.

நம் பிள்ளைகளும் அக்கறை இல்லாமல் பிறந்தவர்கள் அல்ல. 2006ல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 18 மாதக் குழந்தைகளைக் கவனித்தார்கள். துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவித்தால், பேச்சே சரியாக வராத அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தாங்களாகவே போய் எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, எதுவும் தரவுமில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உதவிய ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற குழந்தைகளிடம், பரிசு நின்றபின் உதவுவது குறைந்துபோனது. ஒன்றுமே பெறாத குழந்தைகள் தொடர்ந்து உதவினார்கள்.

1973லேயே இதற்குப் பக்கத்தில் ஒன்றை வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து வரைபேனாவைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பாராட்டுவதில் தவறில்லை. முன்கூட்டியே விலை பேசியதுதான் நான் செய்த தவறு. பலனைக் கணக்குப் போட்டு அறம் செய்பவனுக்கு 'அறவிலை வணிகன்' என்று நம் மொழியில் மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு. எட்டு வயதுப் பிள்ளைகளை நான் அப்படி ஆக்கப் பார்த்தேன் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

அந்த அப்பாவுக்கு என் பதில் இதுதான். கலப்பே இல்லாத தன்னலமற்ற செயல் உண்டா இல்லையா என்று எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியாது. ஆனால் விழுந்துகிடக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது ஒரு குழந்தையின் கண் எங்கே போகிறது, அவள் முழங்காலுக்கா, தன் அட்டைக்கா என்பதைப் பெரியவர்கள் நாம் தீர்மானிக்கிறோம். அது எனக்குத் தெரியும்.

இனி ஒரு விஷயத்தை நேராகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பெற்றோர், தங்கள் பிள்ளை வகுப்பிலுள்ள இன்னொரு பிள்ளைக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுப்பதைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கொடுத்த பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. வாங்கிய பிள்ளையின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. நாற்பதுக்கும் மேல் கைதட்டல் குறிகள் வந்தன. வாங்கிய பிள்ளை அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது அந்தப் பெட்டி பையில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னது.

இது மறுபடி நடக்கக் கூடாது. உதவி வாங்கும் எந்தப் பிள்ளையின் படமும், பெயரும், இனி எந்தக் குழுவிலும் வரக்கூடாது. வந்தால் உடனே நீக்கச் சொல்வேன், போட்டவரை நேரில் அழைத்துப் பேசுவேன். நட்சத்திரத்துக்காக ஆசிரியர்களை வற்புறுத்துவதையும் நிறுத்துங்கள். சேவைச் சான்றிதழ் எங்கள் பள்ளி தராது, யார் கேட்டாலும் இதே பதில்தான். இன்னொன்று. "நோட்டைக் கொடுக்காதே, அவன் உன்னை முந்திவிடுவான்" என்று வீட்டில் சொல்லி அனுப்புவதாகப் பிள்ளைகள் மூலமாகவே கேள்விப்படுகிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். நாளைக்கு உடம்பு சரியில்லாமல் படுப்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று எழுத வந்தேன். அதுவும் ஆதாயக் கணக்குதான் என்பதால் விட்டுவிடுகிறேன். அந்தப் பையனுக்கு நோட்டு தேவை, கொடுக்கச் சொல்லுங்கள்.

உதவி அட்டை இந்தப் பருவத்தோடு நின்றுவிடும். சேர்த்து வைத்த அட்டைகளைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கமாட்டோம், விருப்பமிருந்தால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பத்தாவது நட்சத்திரத்துக்கு ஒன்று பாக்கி என்று காத்திருந்த பிள்ளைகளிடம் நானே வகுப்புக்கு வந்து பேசுகிறேன். ஏமாற்றமாகத்தான் இருக்கும். வீட்டில் அழுதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் சாயங்காலம் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று ஒரு அம்மா கேட்டார். எத்தனை நட்சத்திரம் என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு வகுப்பில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள் என்றேன். மறுவாரமே அவர் மகள், வராத தோழியின் வீட்டுப்பாடத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போனதாக வகுப்பாசிரியர் சொன்னார். யாருடைய அட்டையிலும் அது ஏறவில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்களில் பெரும்பாலோருக்கு இந்த வரிகள் தேவையே இல்லை என்று எனக்குத் தெரியும். மழை நாளில் மற்ற பிள்ளைகளையும் தங்கள் பிள்ளைகளோடு வீடுவரை கொண்டுபோய் விட்டவர்கள் இருக்கிறீர்கள். அம்மா அப்பா வரத் தாமதமான குழந்தையோடு வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். விளையாட்டு விழா முடிந்து எல்லாரும் போனபின் நாற்காலி அடுக்கியவர்களை நான் மாடியிலிருந்து பார்த்தேன். பெயர் எழுதப்போவதில்லை. என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன நூலக அலமாரியும் உங்களில் ஒருவர் கொடுத்ததுதான். பெயர்ப் பலகை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கீழ்த்தட்டை மட்டும் சிறு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னார், அப்படியே வைத்திருக்கிறோம்.

விடுமுறையை நன்றாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்