காணும் பொங்கலுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்: கடற்கரைக் குப்பை யார் பொறுப்பு?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை தொடங்கப் போகிறது. காணும் பொங்கலன்று நம் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேராவது எலியட்ஸ் கடற்கரையிலோ மெரினாவிலோதான் இருப்பார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். இந்த ஊரில் காசு கொடுக்காமல் குடும்பத்தோடு உட்கார்ந்து காற்று வாங்க இருக்கிற இடமே அதுதான். போவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள். இந்த முறை நம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் போனார்கள். கையுறை, சாக்கு, தொப்பி, பேனர், போட்டோ எல்லாம் இருந்தது. மறு வாரம் பெற்றோர் சிலரிடமிருந்து எனக்குக் கடிதங்கள் வந்தன. ஒருவர், "குப்பை பொறுக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்? அதற்கென்று ஆள் இருக்கிறார்களே" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "ஒழுங்காக ஒரு தொட்டி வைக்காத மாநகராட்சியின் வேலையைப் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும்?" என்று எழுதியிருந்தார். இருவருக்கும் நேரில் பதில் சொன்னேன். அதை எல்லோரிடமும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

முதல் கடிதத்தில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த மணலில் உடைந்த பாட்டில் இருக்கிறது, குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய டயாப்பர் இருக்கிறது, சில இடங்களில் ஊசிகூடக் கிடக்கிறது. மெல்லிய கையுறையோடு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொடக்கூடிய பொருள்கள் அல்ல அவை. அடுத்த ஆண்டிலிருந்து நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள். ஆனால் "அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்" என்ற மீதிப் பாதி எனக்குச் சம்மதமில்லை. அந்த ஆட்களும் இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பள்ளியில் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். காணும் பொங்கல் ராத்திரி ஊரே வீடு திரும்பிய பிறகு அவர்களின் அம்மாவோ அப்பாவோ மெரினாவுக்கு வேலைக்குப் போவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு நாள் கூட்டம் விட்டுப் போவதை டன் கணக்கில் அள்ளுகிறார்கள். மணலைச் சலித்தெடுக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் படிக்கட்டு, நடைபாதை, கடைகளின் இடுக்கு எல்லாம் கையால்தான் சுத்தமாகிறது. அள்ளுவது அவர்கள் பணியாக இருக்கலாம். போடுவதற்கு நமக்கு அது அனுமதிச் சீட்டாகிவிடாது.

நம் பள்ளிக்கு ஒரு விசேஷம் உண்டு. கடற்கரைக் குப்பையில் சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் நம் பெற்றோர் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மாலையில் காற்று வாங்கப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன. பஜ்ஜிக் கடை, சுண்டல் கூடை, பலூன் சுடுகிற பலகை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். வலையில் மீனோடு பிளாஸ்டிக்கையும் இழுத்து வந்து உதறுகிற குப்பத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் கைகாட்டினால் ஒரு சுற்று முடிவதற்குள் மணி அடித்துவிடும். "எல்லோருக்கும் பொறுப்பு உண்டு" என்று பேனரில் எழுதுவது சுலபம். எல்லோருக்கும் சமமான பொறுப்பு இல்லை என்பதுதான் என் எண்ணம். யாருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பிள்ளைகள் செய்த ஒரு காரியம் உதவியது. அன்று சாக்கில் போடுவதற்கு முன் என்னென்ன கிடைத்தது என்று நோட்டில் எழுதச் சொன்னோம். சிப்ஸ், பிஸ்கட், மிட்டாய் உறைகள்தான் அதிகம். பிறகு பேப்பர் கப், ஐஸ்கிரீம் குச்சி, தெர்மாகோல் துண்டு, அறுந்த வலை, ஒற்றைச் செருப்புகள் (ஒற்றையாகவே எப்படி வருகிறதோ, தெரியவில்லை). தண்ணீர் பாட்டில் மட்டும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ஏன் என்று கேட்டதற்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "பாட்டிலை விடியறதுக்குள்ள பொறுக்கிடுவாங்க டீச்சர், காயலான் கடையில எடுத்துப்பாங்க. சிப்ஸ் கவரை யாரு எடுப்பா?"

முழு விஷயமும் அவன் பதிலில் இருக்கிறது. விலை போகிற பொருள் மணலில் தங்குவதில்லை. சிப்ஸ் உறை பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், அது பிளாஸ்டிக் அடுக்குகளும் அலுமினியப் பூச்சும் சேர்த்து ஒட்டியது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம் என்பதால் எந்தப் பழைய பொருள் கடையும் அதை வாங்காது. ஒரு பொருளுக்கு விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. காட்டிலும் ரோட்டோரத்திலும் கிடந்த பாட்டில்கள் பெருமளவு கடைக்கே திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. பள்ளிக்கூடக் கடிதத்தில் டாஸ்மாக் எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். கடற்கரையில் விளையாடப் போய், உடைந்த பாட்டில் கிழித்துக் காலில் தையலோடு திரும்பிய பிள்ளைகள் நம் பள்ளியில் உண்டு.

ஆக, உறையைத் தயாரித்து விற்கிறவருக்குப் பெரிய பங்கு உண்டு. இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 2016-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே, சந்தைக்கு அனுப்புகிற பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கும் கடமை உற்பத்தியாளருக்கும் பிராண்டு உரிமையாளருக்கும் உண்டு என்று சொல்கின்றன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக்கில் செய்த ஐஸ்கிரீம் குச்சி, பலூன் குச்சி, ஸ்ட்ரா எல்லாம் வந்தன. சிப்ஸ் உறை வரவில்லை. 2018-ல் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள், தாங்கள் தின்று முடித்த பிஸ்கட், வேஃபர் உறைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து அந்தந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நம் பிள்ளைகளும் வரும் மாதத்தில் அதைச் செய்யப் போகிறார்கள். உறையைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் சின்க் ஓரத்தில் காய்வதைப் பார்த்துத் திட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது கடிதத்துக்கு வருகிறேன். மாநகராட்சியின் பங்கு சிறியதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டி இருக்கிற இடத்திலும் சனி, ஞாயிறு ஏழு மணிக்கே அது நிரம்பி வழிகிறது. அதற்குப் பிறகு யோக்கியமாகக் கொண்டுவந்து போடுகிறவரும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்துவிட்டுப் போகிறார். மீதியைக் காக்கையும் நாயும் பார்த்துக்கொள்கின்றன. மும்பை வெர்சோவா கடற்கரையில் 2015-ல் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் வாராவாரம் மக்களைக் கூட்டிக் குப்பை அள்ளத் தொடங்கினார். மறு ஆண்டே ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. அவரே 2017 நவம்பரில், அள்ளிய குப்பையை எடுத்துப் போக ஆளில்லை, தொண்டர்களை மிரட்டுகிறார்கள் என்று வேலையை நிறுத்தினார். பிறகு மீண்டும் தொடங்கினார் என்பது வேறு விஷயம். ஆர்வத்தோடு கூட்டம் வந்து அள்ளலாம். லாரி வராவிட்டால் அள்ளியது அங்கேயே கிடக்கும்.

அப்புறம், கடற்கரையில் கிடப்பதெல்லாம் கடற்கரைக்கு வந்தவர் போட்டதும் இல்லை. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்யட்டும், பட்டினப்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் பின்னிப் பிணைந்து கரை முழுக்கக் கிடக்கும். எல்லாம் அடையாறும் கூவமும் கொண்டுவந்து தள்ளியவை. தெருவில் விட்டெறிந்த பை மழைநீர் வடிகாலில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய், அலையோடு கரைக்கு வருகிறது. கடலையே பார்க்காதவர் போட்ட குப்பையும் அந்த மணலில் இருக்கிறது. ஆற்றில் மிதப்பதைத் தடுக்கக் குறுக்கே மிதவைத் தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் வடிகால் வாயிலேயே வலை போட்டுவிட்டால் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லையே.

கடைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் உண்டு. ஆனாலும் மொத்தச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. சோதனைக்கு வருகிறவர்கள் சுண்டல்காரரின் கூடையில் இருக்கும் நாலு கப்பைப் பிடுங்கி அபராதம் போடுகிறார்கள். கிடங்குக்குப் போவது குறைவு. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. நீங்கள் வாங்கும்போது, "தட்டு வேண்டாம், என் டப்பாவில் போடுங்கள்" என்று சொன்னால் அவருக்கும் ஒரு தட்டு மிச்சம். கடை வைத்திருக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைக்குப் பக்கத்தில் உங்களுடையது என்று ஒரு சாக்கு கட்டி வையுங்கள். சாப்பிட்டவர் பத்தடி நடக்க வேண்டியிருந்தால் போட மாட்டார், கையெட்டுகிற தூரத்தில் இருந்தால் போடுவார்.

மிச்சம் இருப்பது நம் கை. இது எல்லாவற்றையும்விடச் சின்னப் பங்காக இருக்கலாம், ஆனால் வேறு யாரையும் எதிர்பார்க்காமல் செய்யக்கூடியது. எனக்கு ரொம்ப வருத்தம் தருவது கடற்கரைப் பிறந்தநாள்கள். எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம் ராத்திரி கேக் வெட்டி, நுரை ஸ்ப்ரே அடித்து, பாப்பரை வெடித்து, ஜிகினாத் துணுக்கை மணல் முழுக்கச் சிதறவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஜிகினாவை எந்த இயந்திரமும் சலித்தெடுக்க முடியாது. சலிப்பவர் கையாலும் முடியாது. உங்கள் பிள்ளையின் பிறந்தநாளை அங்கேதான் கொண்டாட வேண்டுமென்றால் கேக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டுகிறவர்கள் சில்வர் தூக்கிலோ டப்பாவிலோ எடுத்துப் போங்கள். தண்ணீர் வீட்டிலிருந்து போகட்டும். திரும்பும்போது எல்லாக் கழிவும் ஒரு பையில் வீட்டுக்கே வரட்டும், தொட்டி நிரம்பியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியே எழாது. வாழையிலைதானே, மக்கிவிடும் என்று மணலில் விட்டுவிடாதீர்கள். சோற்றுக்கு நாய் வரும். ஜனவரி முதல் நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற காலம். நாய்கள் அந்தக் குழிகளைத் தோண்டிவிடுகின்றன. 1988 முதல் ஒரு தன்னார்வ மாணவர் குழுவினர் ராத்திரி ராத்திரியாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பெரிய பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் ஒரு ராத்திரி அவர்களோடு நடக்க அனுப்பலாம்.

ஆனால் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அவை பெரும்பாலும் விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை. சிப்ஸ் பாக்கெட் தின்று செத்தவை என்று பயமுறுத்த வேண்டாம். காரணம் தப்பாகத் தெரிந்துகொண்ட பிள்ளை தப்பான இடத்தில்தான் போய்ச் சரிசெய்யப் பார்க்கும்.

இனி பள்ளி செய்யப்போவது. செப்டம்பர் சாக்கு ஊர்வலம் இனி கிடையாது. அதற்குப் பதில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரோடு கடற்கரைக்குப் போய், எதையும் தொடாமல், என்ன கிடக்கிறது, எந்தத் தொட்டி எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்று மட்டும் எழுதி வருவார்கள். அந்தக் கணக்கை வைத்து மாநகராட்சிக்கு ஒரு மனு தயாராகும். மூடியுள்ள தொட்டிகள் வேண்டும், வார இறுதியில் இரவுக்குள் இன்னொரு முறை காலி செய்ய வேண்டும், வடிகால் வாய்களில் வலை வேண்டும், சோதனை கிடங்குகளில் நடக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம். மனுவில் பிள்ளைகள் கையெழுத்துப் போட மாட்டார்கள், நீங்கள்தான் போட வேண்டும். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இரண்டு பெற்றோராவது போய் இதைப் பேச வேண்டும். நான் போய்ப் பேசினால் தலைமையாசிரியர் பேசினார் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். வாக்காளர் பேசினால் எழுதிக்கொள்வார்கள். நிரம்பிய தொட்டியைப் பார்த்தால் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கு அங்கிருந்தே அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பிள்ளைகளின் கணக்கோடு அதையும் சேர்ப்போம்.

பள்ளி வளாகத்துக்குள்ளும் ஒரு மாற்றம். பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்க உறையிட்ட சாக்லேட் வேண்டாம். கடலை மிட்டாயோ பழமோ டப்பாவில் கொண்டுவரலாம். ஒன்றும் கொண்டுவராமல் வந்தாலும் கைதட்டி வாழ்த்துவோம், அதில் குறை ஒன்றும் இல்லை.

கடைசியாக வழக்கமான எச்சரிக்கை: காணும் பொங்கலன்று கடலில் இறங்கக் காவல்துறை அனுமதிப்பதில்லை, இந்த முறையும் தடுப்பு போடுவார்கள். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் தெரிவதற்காகக் கையில் கட்டுகிற அடையாளப் பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுத மறக்காதீர்கள்.

மனு பள்ளி அலுவலகத்தில் இருக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம் முழுக்க, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வந்து கையெழுத்திடலாம். இரவுப் பணி பார்க்கும் பெற்றோர் வர முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், மனுவை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறோம்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்